மோர்ட்லாக்கின் குட்டி வாலை

ஸ்காட்லாந்தின் டஃப்டவுனுக்குப் போகிறவர்கள் எல்லாரும் கிளென்ஃபிடிக் பக்கம்தான் திரும்புகிறார்கள். குறை சொல்ல முடியாது. 1969-லேயே பார்வையாளர்களுக்குக் கதவைத் திறந்த விஸ்கி வடிசாலை. பக்கத்திலேயே பால்வெனி கோட்டை வேறு. ஒரு முற்பகலில் இரண்டையும் பார்த்துவிட்டு, ஊரையே பார்த்தாயிற்று என்று கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் கிளென்ஃபிடிக்கைக் கட்டிய வில்லியம் கிராண்ட் தொழில் படித்த இடம் எது? ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கணக்கெழுதி, பிறகு மேலாளராகவும் அவர் இருந்தது அதே ஊரின் மோர்ட்லாக் வடிசாலையில். கார்டு வடிசாலையின் பழைய வாலைகளை 120 பவுனுக்கும் குறைவாக வாங்கி வந்து, 1887 கிறிஸ்துமஸ் அன்று முதல் சொட்டை இறக்கியதெல்லாம் அதற்குப் பிந்திய கதை.

மோர்ட்லாக் பிறந்தது 1823-இல், கலால் சட்டம் வந்த அதே ஆண்டு. ஊருக்கே அப்போது ஆறு வயதுதான். நெப்போலியன் போருக்குப் பின் வேலையில்லாமல் கிடந்தவர்களுக்காக ஃபைஃப் பிரபு ஜேம்ஸ் டஃப் 1817-இல் தெருக்களை அளந்து போட்டு உண்டாக்கிய ஊர் இது. நடுவில் நான்கு தெருக்கள் கூடும் இடத்தில் மணிக்கூண்டு; ஒரு காலத்தில் அதுவே சிறைச்சாலை. அதிலுள்ள கடிகாரம் பான்ஃப் நகரிலிருந்து வந்ததாம். 1700-இல் மக்ஃபர்சன் என்ற பிடில் வாசிக்கும் கொள்ளைக்காரனைத் தூக்கிலிடும்போது, மன்னிப்பு ஆணை வந்து சேருமுன் காரியத்தை முடிக்க முள்ளைத் தள்ளிவைத்த கடிகாரம் இதுதான் என்று ஊரில் சொல்வார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

எனக்கு ஊரென்றால் அந்த மணிக்கூண்டுகூட இல்லை, மோர்ட்லாக்கின் ஆறு வாலைகளில் ஆகச் சிறியதுதான். ‘வீ விட்சி’ என்று செல்லப்பெயர், குட்டிச் சூனியக்காரி. ஆறும் ஆறு அளவு, ஆறு வடிவம். அவற்றில் மூன்றாம் எண் ஊறல் வாலையும் மூன்றாம் எண் சாராய வாலையும் எல்லா ஊரிலும்போல் ஒழுங்காக ஜோடி சேர்ந்து ஓடும். விவகாரமெல்லாம் மற்ற நான்கில்தான். இரண்டு ஊறல் வாலைகளிலிருந்து முதலில் இறங்கும் 80 சதவீதம் பெரிய வாலைக்குப் போகிறது. வீரியம் குன்றிய கடைசி 20 சதவீதம் இந்தக் குட்டிக்கு. மூன்று ஓட்டம். முதல் இரண்டிலும் தலை, வால் என்று எதையும் வெட்டுவதில்லை. வந்ததெல்லாம் திரும்ப உள்ளே போகும். மூன்றாவதில்தான் நடுப்பகுதியைப் பிடிக்கிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் 2.81 முறை வடித்த கணக்கு வருகிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அலெக்சாண்டர் கௌயி அமைத்த ஏற்பாடு. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக யாரும் அதை எளிமைப்படுத்தத் துணியவில்லை என்பதே என் வரையில் அந்த ஊரின் பெருமை.

ஆவியைக் குளிர்விப்பதும் பழைய முறையில்தான்: வெளியே தண்ணீர்த் தொட்டிகள், அவற்றுக்குள் சுருண்டு இறங்கும் செம்புக் குழாய். புதுக் குளிர்விப்பான்களில் ஆவி செம்போடு அதிகம் உரசி மெருகேறிவிடும். இங்கே அந்த உரசல் குறைவு. கந்தக வாசனையும் மாமிசக் கனமும் தங்கிவிடுகின்றன. ஷெர்ரி பீப்பாயில் வருடக்கணக்கில் கிடந்தபின் அந்தச் சரக்கு மிளகு தூக்கலான ஆட்டுக்கால் சூப்பைப்போல் நாக்கில் உட்காரும்.

ஐலா தீவு விஸ்கியின் புகைக்கு அடிமையான நண்பர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். புகை நல்லதுதான், ஆனால் அது பார்லியைக் காயவைக்கும்போதே ஏறிவிடுகிற குணம். மோர்ட்லாக்கின் கனம் வாலைக்குள் பிறப்பது. பால்வெனி வடிசாலையின் தேன் சுவை பிடித்தவர்களோடு எனக்குச் சண்டையில்லை. இன்றும் ஒரு பங்கு பார்லியைத் தரையில் பரப்பி, ஆள் நின்று கிளறி முளைகட்டுகிற இடம் அது. இருந்தாலும் இனிப்பு சீக்கிரம் சலித்துவிடுகிறது.

வருத்தம் ஒன்று உண்டு. ‘ஃப்ளோரா அண்ட் ஃபானா’ வரிசையில் வந்த பழைய 16 வருடச் சரக்கு, அந்தக் கறுத்த ஷெர்ரிச் சரக்கு, போயே போய்விட்டது. 2014-இல் அரை லிட்டர் புட்டி, ஆடம்பரப் பெட்டி, அதற்கேற்ற விலை. 2018-இல் 70 சென்டிலிட்டர் புட்டியும் 12, 16, 20 என்ற வயதுகளும் வந்தன. புதிய 16 மோசமென்று சொல்லமாட்டேன். சட்டை மடிப்புக் கலையாமல் விருந்துக்கு வந்ததுபோல் இருக்கிறது, அவ்வளவுதான். பழையதை முதலில் எனக்கு ஊற்றிக் கொடுத்த நண்பர் தண்ணீர்க் குவளையைத் தள்ளி வைத்துவிட்டார். இப்போதையதற்கு அவரே தண்ணீர் கேட்கிறார்.

மோர்ட்லாக்கில் வழக்கமான பார்வையாளர் மையம் கிடையாது. அதனாலென்ன, நடக்கலாம். மணிக்கூண்டிலிருந்து சர்ச் தெருவில் இறங்கினால் மோர்ட்லாக் தேவாலயம். 566-இல் புனித மொலுவாக் நிறுவியதாக மரபு. 1010-இல் டேனியரை வென்ற இரண்டாம் மால்கம் நன்றிக்கடனாக அதை மூன்று ஈட்டி நீளம் நீட்டினார் என்றும் சொல்வார்கள். கல்லறைத் தோட்டத்தில் ஒரு பிக்டியச் சிற்பக்கல். பிணத் திருடர்களைத் தடுக்க இரவில் காவல் இருந்த சிறு வீடு. அங்கிருந்து டல்லன் ஓடையோரமாக டஃப்டவுன் வடிசாலையைத் தாண்டிப் போகும் பாதை, நீர் குடைந்த ‘ராட்சத நாற்காலி’ப் பாறை வரை செல்கிறது. கால் தெம்புள்ளவர்களுக்கு 840 மீட்டர் பென் ரின்னஸ் இருக்கிறது. கீத் ஊருக்குப் போகும் 11 மைல் ரயிலைத் தன்னார்வலர்கள் ஓட்டுகிறார்கள். எனக்கு ஓடையே போதும்.

ரோமுக்கு ஏழு குன்று, டஃப்டவுனுக்கு ஏழு வடிசாலை என்று பழைய சொலவடை. அந்த ஏழில் பார்க்மோர் 1931-லும் கான்வல்மோர் 1985-லும் நின்றுவிட்டன. பின்னால் வந்த பிட்டிவைக் 1993-இல் மூடி, இடித்தும் ஆயிற்று. கினின்வியைச் சேர்த்து இன்று ஓடுபவை ஆறு. அங்கே போகிறவர்கள் கிளென்ஃபிடிக் சுற்றை முடித்த கையோடு ஊர் திரும்பிவிடாதீர்கள். சாயங்காலம் மதுக்கூடத்தில் ஒரு மோர்ட்லாக் கேளுங்கள், பழைய 16 மிச்சமிருக்கிறதா என்று முதலில் விசாரித்துவிட்டு.