நீலம் வெளுத்தால் நீர் சுத்தமாகிவிடுமா?

போன மாதம் எங்கள் தெருத் தம்பி ஒருவன் திருக்கோவிலூருக்கு லீவில் வந்திருந்தான். எம்.எஸ்சி. வேதியியல் கடைசி வருடம். ப்ராஜெக்ட் அறிக்கையைக் கையோடு கொண்டுவந்து கொடுத்தான். புங்க இலைச்சாற்றைக் கொண்டு துத்தநாக ஆக்சைடு நுண்துகள் செய்து, அதை மெத்திலீன் நீலக் கரைசலில் போட்டு வெயிலில் வைத்திருக்கிறான்.

"அண்ணா, ரெண்டு மணி நேரத்துல தொண்ணூறு சதவீதத்துக்கு மேல நிறம் போயிடுச்சு. திருப்பூர் சாயக்கழிவுக்குப் பயன்படும்னு முடிவுரையில எழுதியிருக்கேன். சரியாண்ணா?"

வேலை சுத்தமாகத்தான் இருந்தது. அந்தக் கடைசி வரிதான் உறுத்தியது. ஏனென்றால் அதே வரியை எத்தனையோ கட்டுரைகளில் படித்திருக்கிறேன். என் சொந்த ப்ராஜெக்டிலும் எழுதியிருக்கிறேன். ஆகவே இந்தக் குறிப்பு அவன்மேல் வைக்கும் விமர்சனம் அல்ல, அந்த வரியின் மேல் வைப்பது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம்

யோசனையில் தப்பில்லை. ஒளி பட்ட டைட்டானியம் டை ஆக்சைடு நீரைப் பிளக்க உதவும் என்று ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். அதிலிருந்து கிளம்பிய துறை இது. ஒளி பட்டதும் ஆக்சைடில் எலக்ட்ரான் எழும்புகிறது. அது விட்டுப்போன துளை நீரிலிருந்து ஹைட்ராக்சில் ரேடிகலை உண்டாக்குகிறது. அது எதிரில் வரும் கரிமப் பொருளை உடைக்கிறது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம்ம ஊரில் இப்படி ஒரு வழி கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்?

இலை என்ன செய்தது?

இலைச்சாறு துத்தநாக அயனியை "ஒடுக்கி" ஆக்சைடாக மாற்றியது என்று இவ்வகைக் கட்டுரைகள் பலவற்றில் பார்க்கலாம். வெள்ளிக்கு இது பொருந்தும், அங்கே அயனி உலோகமாகிறது. துத்தநாகமோ நைட்ரேட்டில் இருந்தபோதும் +2, ஆக்சைடு ஆனபின்பும் +2. அங்கே ஒடுக்கமே நடக்கவில்லை. இலைச்சாறு அயனியைப் பிடித்துவைத்து, துகள் பெரிதாகாமல் தடுத்திருக்கலாம். அது வேறு வேலை.

பிறகு பொடியை மஃபிள் உலையில் 400, 500 டிகிரியில் வைக்கிறோம். இலையின் கரிமப் பொருள் பெரும்பாலும் எரிந்துபோகும். மிஞ்சுவது துத்தநாக ஆக்சைடு. தொடங்கியது கடையில் வாங்கிய துத்தநாக நைட்ரேட், எரிந்தது மின்சாரம். அப்புறமும் "தாவரப் பொருள்" என்று பெயர் வைக்கவேண்டுமானால், இலையே இல்லாமல் செய்த பொடியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டவேண்டும். தம்பியின் அறிக்கையில் அது இல்லை. என்னுடையதிலும் இருக்கவில்லை.

நிறம் எங்கே போனது?

நாம் அளப்பது 664 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல். அது குறைந்தால் "சிதைவு" என்று எழுதிவிடுகிறோம். ஆனால் நிறம் போக வேறு வழிகளும் உண்டு.

சாயம் பொடியின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதற்குத்தான் இருட்டில் ஒரு பீக்கர் வைக்கச் சொல்கிறார்கள். நான் வைக்கவில்லை.

இல்லை, நீலம் நிறமில்லாத லியூக்கோ வடிவத்துக்குப் போயிருக்கலாம். பள்ளியில் செய்யும் நீலப் புட்டி சோதனை ஞாபகமிருக்கிறதா? குளுக்கோஸும் காரமும் சேர்ந்தால் நீலம் மறையும், குலுக்கினால் திரும்பி வரும். இலைச்சாற்றிலும் சர்க்கரை உண்டு. பொடியைச் சரியாகக் கழுவாமல் விட்டிருந்தால் என்ன நடந்தது என்று எப்படிச் சொல்வது?

மூன்றாவது, சாயமே ஒளியை உறிஞ்சி எலக்ட்ரானை ஆக்சைடுக்குத் தள்ளி, தானே கெட்டுப்போகும். காண் ஒளியில் வினையூக்கியைச் சோதிக்க மெத்திலீன் நீலம் பொருத்தமானதா என்று பன்ஷோ ஓதானியும் சக ஆய்வாளர்களும் 2006இலேயே கேட்டுவிட்டார்கள். நாம் இன்னும் அதையேதான் வாங்கிக்கொண்டிருக்கிறோம். விலை மலிவு, நிறம் அழகாக மறைகிறது, வரைபடம் நன்றாக வருகிறது!

நிறம் போனதோடு மூலக்கூறும் உடைந்ததா என்று தெரிய சி.ஓ.டி. அல்லது மொத்தக் கரிம அளவு பார்க்கவேண்டும். அது குறையவில்லையென்றால் கண்ணுக்குத் தெரிந்த கழிவைத் தெரியாத கழிவாக மாற்றியிருக்கிறோம், அவ்வளவுதான்.

திருப்பூர்த் தண்ணீரில் இருப்பது

திருப்பூர் பனியன் துணிக்கு மெத்திலீன் நீலம் போடுவதில்லை. பருத்திக்குப் போடுவது ரியாக்டிவ் சாயங்கள். முன்னது நேர்மின் சாயம், பின்னது எதிர்மின். ஒன்று ஒட்டிக்கொள்ளும் பரப்பில் மற்றது ஒட்டாமல் விலகிப் போகலாம்.

அந்தச் சாயம் நூலில் ஏற லிட்டருக்கு 40, 60, சில அடர்நிறங்களுக்கு 80 கிராம் வரை உப்பு போடுகிறார்கள். பிடிக்க சோடா ஆஷ், அதாவது கார்பனேட். கார்பனேட் ஹைட்ராக்சில் ரேடிகலைத் தின்னும். நம்முடைய ஆயுதமே அந்த ரேடிகல்தான். போதாததற்கு, துத்தநாக ஆக்சைடு கடும் காரத்திலும் கரையும், அமிலத்திலும் கரையும். காய்ச்சி வடித்த நீரில் கிடைத்த தொண்ணூறு சதவீதம் இங்கே என்னவாகும் என்பதைச் சோதித்துத்தான் சொல்லமுடியும். சோதிக்காமல் எழுதக்கூடாது.

நொய்யலைக் கெடுத்ததில் நிறத்தைவிடப் பெரிய பங்கு உப்புக்கு. 1992இல் பாசனத்துக்காகத் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. கீழே இருந்த நிலமும் கிணறும் உப்பேறிப்போய் விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். பூஜ்ய வெளியேற்றம் என்ற கட்டளை நிறைவேறாததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. கரைந்த உப்புக்கு வரம்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராம். நம்ம பொடி அதில் ஒரு மில்லிகிராமைக்கூடக் குறைக்காது.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு சிறு பட்டறை தினம் ஒரு லட்சம் லிட்டர் கழிவு விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தம்பியின் அளவுகளையே எடுப்போம்: லிட்டருக்கு 10 மில்லிகிராம் சாயம், 1 கிராம் பொடி. ஒரு கிலோ சாயத்தை எடுக்க 100 கிலோ பொடி வேண்டும். வெயில் உள்ளே இறங்க 5 செ.மீ. ஆழம் என்றால் 2000 சதுர மீட்டர் தொட்டி, கிட்டத்தட்ட அரை ஏக்கர். லிட்டருக்கு வெறும் 5 கிராம் உப்பு என்று குறைத்தே வைத்தாலும், எல்லாம் முடிந்தபின் அரை டன் உப்பு அப்படியே இருக்கும். நுண்பொடியை நீரிலிருந்து திரும்ப எடுப்பது தனி வேலை. மழைக்காலத்தை நான் கணக்கில் சேர்க்கவேயில்லை.

அப்போ விட்டுவிடுவதா?

வேண்டாம். பூஜ்ய வெளியேற்றத்தில் சவ்வூடு வடிகட்டலுக்குப் பின் மிஞ்சும் அடர்ந்த உப்புநீரையே மறுபடி சாயத்தொட்டிக்குக் கொண்டுபோகும் முறை திருப்பூரில் இருக்கிறது. அந்த உப்புநீரில் மிச்சமிருக்கும் நிறம் அடுத்த துணியின் நிறத்தைக் கெடுக்கும். அங்கே நிறத்தை மட்டும் எடுத்தாலும் நிஜமான பயன் உண்டு, உப்பு கூடவே இருப்பதுதான் தேவையும்கூட. அளவும் மொத்தக் கழிவைவிடக் குறைவு. ஆக, சோதனையைக் காய்ச்சி வடித்த நீரில் முடித்துவிடாமல் உப்புநீரிலும் செய்யவேண்டும்.

தம்பிக்கு நான் எழுதிக் கொடுத்தது இது: இருட்டில் ஒரு பீக்கர், பொடியில்லாமல் வெயிலில் ஒரு பீக்கர், இலையில்லாமல் செய்த பொடியில் ஒன்று. ரியாக்டிவ் பிளாக் 5 வாங்கி, உப்பும் சோடா ஆஷும் போட்டு ஒன்று. முன்னும் பின்னும் சி.ஓ.டி. அதே பொடியை ஐந்து முறை திரும்பப் போட்டு, நீரில் துத்தநாகம் எவ்வளவு இறங்கியது என்ற அளவு. சாயத்துக்கும் உப்புக்கும் பெரிய செலவில்லை. துத்தநாகத்துக்கு மட்டும் வெளியே கொடுத்து அளக்கவேண்டியிருக்கும்.

"சதவீதம் குறைஞ்சா கைடு திட்டுவாரேண்ணா" என்றான்.

குறையலாம்தான். ஆனால் குறைந்த எண்ணை எந்த நீரில் கிடைத்தது என்று சேர்த்து எழுதினால், உப்புநீரோடு மல்லுக்கட்டும் ஒருவருக்கு அது உதவும் என்றேன். கொஞ்ச நேரம் அறிக்கையைப் புரட்டிக்கொண்டிருந்தான். முடிவுரையில் "திருப்பூர்" என்ற சொல்லை அடித்துவிட்டு, "காய்ச்சி வடித்த நீரில், மெத்திலீன் நீலத்துக்கு மட்டும்" என்று பென்சிலில் எழுதினான். உப்பு போட்ட பீக்கரின் முடிவு வந்ததும், அது என்னவாக இருந்தாலும், இங்கே எழுதுகிறேன்.