கண்ணாடியும் குழாயும்

திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளிக் கரையிலிருந்து புறாத்தீவு ஒரு கிலோமீட்டர்தான். படகில் யாராவது பாட்டெடுப்பதற்குள் வந்துவிடும். காலனிக் காலத்தில் சுடும் பயிற்சிக்குப் பயன்பட்ட இடம், 2003 முதல் தேசியப் பூங்கா.

அங்கே பவளப்பாறை பார்க்க நீரில் இறங்கினால், என் பாராட்டெல்லாம் முகக்கண்ணாடிக்கும் மூச்சுக்குழாய்க்கும்தான். நீருக்குள் வெறுங்கண்ணுக்கு எல்லாமே கலங்கல். கண்ணுக்கு முன்னால் கொஞ்சம் காற்றை அடைத்துவைத்ததும் பவளத்தின் ஒவ்வொரு கிளையும் துலங்குகிறது. மீன்கள் மட்டும் மூன்றில் ஒரு பங்கு பெருத்துத் தெரியும். கரையேறியபின் கேட்கும் சுறாக் கதைகளில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். (துடுப்பு நுனி கறுத்த அந்தச் சுறாக்கள் நம்மைக் கண்டால் விலகிப்போகிறவை.) கண்ணாடியில் ஆவி படியாதிருக்க எச்சில் துப்பித் தேய்க்க வேண்டும், நாசூக்கெல்லாம் படகோடு சரி.

குழாய் ஒரு முழம்கூட இருக்காது. நீட்டினால் ஆழம் போகலாமே என்று தோன்றும். ஒரு மீட்டர் இறங்கினாலே நீரின் அழுத்தம் நெஞ்சை விரியவிடாது; விட்ட மூச்சே திரும்ப உள்ளே வரும்.

தலையை அமிழ்த்தினால் நறநறவென்று ஒரு சத்தம். கிளிமீன் பாறையைக் கடித்து அரைக்கிறது; அது கழிப்பது வெண்மணல். பவளத்தின் மேல் காலூன்றி நிற்பவர்களை மட்டும் அடுத்தமுறை கரையிலேயே விட்டுவரலாம்.