ஒரு முகடு, இரண்டு சரிவு

அப்புத்தளை மலைமுகட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிற ஊர். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,430 மீற்றர். வடக்கே ஊவாவின் மேடுகள் மடிப்பு மடிப்பாக விரிந்து பண்டாரவளைப் பக்கம் போகின்றன. தெற்கே அப்படியில்லை. தரை சட்டென்று விட்டுப்போய், பெரகலை, ஹல்துமுல்லை என்று கிடுகிடுவென இறங்கி, வெயில் காயும் சமவெளியில்தான் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் கிடைத்த ஒடுங்கிய இடத்தில் கடைத்தெரு, தண்டவாளம், பஸ் நிறுத்தம், கோயில் எல்லாம் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு இருக்கின்றன.

இந்த முகட்டில் மழை பெய்வதை நின்று ரசிக்க வேண்டும். வடக்குச் சரிவில் விழும் தண்ணீர் மகாவலியில் சேர்ந்து, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவுக்குப் போகும். தெற்குச் சரிவில் விழுந்தது வெலி ஓயா வழியாக வளவை கங்கையில் கலந்து, அம்பலாந்தோட்டையில் கடலைத் தொடும். மேகம் ஒன்றுதான். நாலு முழம் தள்ளி விழுந்த துளிகள் இலங்கையின் இரண்டு வேறு கரைகளுக்குப் பிரிந்து போகின்றன.

மத்தியானத்துக்கு மேல் இன்னொரு வேடிக்கை. கீழ்நாட்டுச் சூட்டுக் காற்று சரிவேறி வந்து, குளிர்ந்து, மூடுபனியாகித் தெருவைக் குறுக்கே கடக்கும். எதிர்க்கடைப் பெயர்ப்பலகை காணாமல் போகும். கொஞ்ச நேரத்தில் முதல் எழுத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். கடைக்காரர் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

ரயில் இங்கே வந்தது 1893இல். அடுத்த வருடமே பண்டாரவளைக்குப் போய்விட்டது. பதுளையை எட்ட 1924 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கொழும்பிலிருந்து வருகிறவர்கள் பட்டிப்பொலைக்கும் ஓகியாவுக்கும் இடையிலுள்ள சுரங்கத்தில் தூங்கிவிடக் கூடாது. உள்ளே நுழையும்போது மழை, வெளியே வரும்போது வெயில் என்று அது பலமுறை ஆளை ஏமாற்றியிருக்கிறது. மலை காற்றை எப்படி இரண்டாக வகுக்கிறது என்று சொல்லித்தர இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

ஊரைத் தாண்டிக் கிழக்கே தம்பேதன்னைத் தோட்டத்துக்குப் போகும் பாதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. வருகிறவர்கள் எல்லாரும் அதன் உச்சியில் ‘லிப்டன் சீட்’ பார்க்கப் போகிறார்கள். போகட்டும், நல்ல காட்சிதான். வானம் தெளிந்திருந்தால் தென்கடல் வரை தெரியும். ஆனால் கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்கினால் கல்லுக்கட்டுகள் தெரியும். சாந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை. கல்லின் வயிறு பார்த்து, முதுகு பார்த்து, ஒன்றின் குழியில் இன்னொன்றின் முனை உட்கார அடுக்கியிருக்கிறார்கள். இடுக்கு வழியாகத் தண்ணீர் கசிந்து போய்விடும், மண் மட்டும் நிற்கும். பூசி மெழுகியிருந்தால் ஒரு பெருமழைக்கே சுவர் வயிறு தள்ளிச் சரிந்திருக்கும். தேயிலைக்கு ஊடே சரிவைக் குறுக்காக அறுத்துக்கொண்டு ஓடும் கான்களையும் பாருங்கள். தண்ணீர் தேங்கவும் கூடாது, மண்ணை அரிக்கும் வேகத்தில் ஓடவும் கூடாது. அந்த அளவான சாய்வு மண்வெட்டிக்காரரின் கையில் இருந்தது.

இந்தக் கைகள் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கங்காணிகளோடு வந்தவை. முதலில் கோப்பிக்காக. 1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது. இருபது வருடத்துக்குள் தோட்டங்கள் மலிவு விலைக்கு வந்தன. 1890இல் கிளாஸ்கோ மளிகை வியாபாரி தோமஸ் லிப்டன் வந்து தம்பேதன்னையையும் வேறு சில தோட்டங்களையும் வாங்கியது அந்த மலிவில்தான். அவர் கட்டிய ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை, இன்னும் நிற்கிறது. இங்கே ஒவ்வொரு மலைக்கும் நம்பர் உண்டு. “இன்னிக்கி எந்த மல?” என்று கேட்டால் “ஏழாம் நம்பரு” என்று பதில் வரும். கொழுந்தெடுக்கும் பெண்கள் செடியின் தலையில் மட்டக்கம்பை வைத்துப் பார்ப்பார்கள். அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பது மட்டுமே அவர்கள் கைக்கு. மலை முழுவதும் சீப்பு வைத்து வாரியதுபோல் சமமாகத் தெரிவது அந்தக் கம்பின் வேலை. லயத்துக்குப் பின்னால் கிடைத்த துண்டு நிலத்திலும் அதே ஒழுங்குதான்: லீக்ஸ் ஒரு வரிசை, கரட் ஒரு வரிசை, ஓரத்தில் போஞ்சிக் கொடிக்குக் கம்பு.

இந்தச் சரிவு எப்போதும் அடங்கிக் கிடப்பதில்லை. இதே மலைத்தொடரின் தெற்கு முகத்தில், கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில், 2014 ஒக்டோபர் 29 காலை மண் சரிந்து லயங்களை மூடியது. ஆபத்து இருக்கிறதென்று முன்னரே எச்சரித்திருந்தார்கள். போக வேறு இடம் கொடுக்காத எச்சரிக்கை. கல்லுக்கட்டையும் கானையும் அழகென்று சொல்லும்போது, அவை எதைத் தடுத்து நிற்கின்றன என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆடி, ஆவணியில் வந்தால் காற்றைக் குடிக்கலாம். தென்மேல் பருவக்காற்று மேற்கு மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றி, முகட்டைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்குகிறது. மட்டக்களப்பார் கச்சான் என்று திட்டுகிற அதே காற்று. செடி வாடி, துளிர் மெதுவாக வந்து, இலைக்குள் வாசனை திரள்கிறது. கோப்பையில் ஊற்றினால் முதலில் லேசான குளிர்ச்சி, பிறகு சுளுக்குக்குத் தேய்க்கும் தைலத்தின் மணம் ஒரு நூலளவு. தைலத்தில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட் என்ற பொருளேதான் இதிலும் இருக்கிறது. கொழும்பு ஏலத்தில் இந்தச் சில வாரத்து இலைக்குத் தனி மதிப்பு.

அப்புத்தளைத் தேத்தண்ணிக் கடைகளில் அது கிடைப்பது அபூர்வம். நல்ல இலை பெட்டி ஏறிவிடுகிறது. கடைக்கு வருவது பெரும்பாலும் தூள். அப்படியே நல்ல இலை கிடைத்தாலும் மூன்று கரண்டி மாப்பாலைப் போட்டு ஆற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். “பிளேன்டீ போதும், சீனியைக் கையில குடுங்க” என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது.