பாமினி விரலும் ஆம்பூர் விரலும்

வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு இலங்கையிலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்கள், டாக்டர் சொன்ன அடுத்த தேதி வரைக்கும் லாட்ஜிலேயே அடைந்து கிடக்க முடியாமல் ஆம்பூர்ப் பக்கம் ஒரு நடை வந்துபோவார்கள். பிரியாணி சாப்பிடலாம், தோல் செருப்பு வாங்கலாம். அப்படி வந்த யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியர், பென்டிரைவோடு எங்கள் டிடிபி கடைக்குள் நுழைந்தார். ஊரில் காலமான உறவினர் ஒருவருடைய நினைவு மலரில் சில திருத்தங்கள் செய்து பிரிண்ட் எடுக்க வேண்டுமாம். கடைப் பையன் அடிப்பதைப் பின்னால் நின்று பார்த்தார். 'அம்மா' வருவதற்கு அவன் ஏ, எம், எம், ஏ, ஏ என்று தட்டினான். "தம்பி, தமிழ்நாட்டில இருந்துகொண்டு நீங்கள் தமிழை இங்கிலீசிலயோ அடிக்கிறனீங்கள்?" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எங்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வயதில் பெரியவர், அதுவும் துக்க காரியமாக வந்தவர். அப்போது பதில் பேசவில்லை. இப்போது பேசுகிறேன்.

அவர்கள் பக்கம் பாமினிதான் ராஜா. யாழ்ப்பாணத்திலிருந்து வரும் கோப்பானாலும் சரி, டொரன்டோ, பாரிஸ் உறவுகள் அனுப்பும் கோப்பானாலும் சரி, திறந்தால் பெரும்பாலும் பாமினி எழுத்துருதான் இருக்கும். அங்கே அச்சகங்களில் வேலை எப்படி நடக்கிறது என்பதையெல்லாம் இப்படி வந்து சேரும் பென்டிரைவ்களிலிருந்துதான் நான் படித்துக்கொண்டேன் என்பதால், இதில் கொஞ்சம் ஊகமும் உண்டு. ஆனால் ஒன்று நிச்சயம். ஒரே எழுத்துருவை இத்தனை நாடுகளில் இத்தனை பேர் பிடிவாதமாக வைத்திருந்ததால், ஒருவர் அடித்ததை இன்னொருவர் திறந்து படிக்க முடிந்தது. எங்கள் பக்கம் அந்தக் கொடுப்பினை இல்லை. ஸ்ரீலிபி ஒரு கடையில், வானவில் அரசு அலுவலகத்தில், செந்தமிழ் இன்னொரு கடையில் என்று ஆளுக்கொரு குறியாக்கம். கோப்பு வந்தால் விஷயம் என்ன என்று கேட்பதற்கு முன்னால் "என்ன ஃபான்ட்?" என்றுதான் கேட்போம்.

இதைச் சரிசெய்யத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. அதே ஆண்டு தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையை அறிவித்தது. அதை அமைத்தவர்களின் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லாமல் நகர எனக்கு மனம் வராது. இடக்கைக்கு உயிர், வலக்கைக்கு மெய். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்தில் புள்ளி தானாக விழும். ங-வை அடுத்து க-வைத் தட்டினால் 'ங்க' என்று வந்துவிடும். 'அம்மா' வேண்டுமானால் நான்கு தட்டல் போதும், பாமினியில் ஐந்து. 2013-இல் ஐஓஎஸ் 7 வந்தபோது ஐபோனுக்குள்ளேயே தமிழ்99 இருந்தது. ஒரு மாநில அரசாணையில் பிறந்த பலகை கலிபோர்னியா வரை போயிருக்கிறது. இலங்கையில் 2008-இல் எஸ்.எல்.எஸ். 1326 என்று ஒரு தரம் வந்தது, ரெங்கநாதன் விசைப்பலகையை ஒட்டி. நம் பெரியவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் பையன்களும் தமிழ்99-ஐத் தொடுவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாராவது கேட்பதற்கு முன்.

இனி எனக்குச் சங்கடமான பகுதி. பாமினியில் எந்த எழுத்து எந்த விசையில் இருக்கிறது என்று பார்த்தால், அது நம்மூர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் பலகையேதான். நடு வரிசையில் யளனக, அந்தப் பக்கம் தமட. குரூப் 4 டைப்பிஸ்ட் வேலையை நம்பி லோயர், ஹையர் எழுதும் பிள்ளைகள் ஆம்பூரிலும் குடியாத்தத்திலும் இன்றைக்கும் தட்டிக்கொண்டிருப்பது இதைத்தான். ஒரு வித்தியாசம் உண்டு. டைப்ரைட்டரில் புள்ளி அடித்தால் வண்டி நகராது, ஆகவே புள்ளியை முதலில் அடித்துவிட்டு எழுத்தை அடிக்கிறோம். பாமினியில் எழுத்து முதலில், புள்ளி பிறகு. நான் ஹையர் முடித்தவன். பெரியவரின் கோப்பில் கை வைத்தபோது புள்ளியெல்லாம் முந்தின எழுத்தின் தலையில் போய் ஏறியது. அதற்கும் அவர் சிரித்தார். அந்த டைப்ரைட்டர் பலகையை வகுத்தவர் ஆர். முத்தையா, பிறந்தது யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில். சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போன இடத்தில் இந்த வேலையில் இறங்கியவர். ஆக, தமிழக சர்க்கார் உத்தியோகத்துக்கு நாங்கள் பழகிய விரல் யாழ்ப்பாணத்தார் போட்டுக் கொடுத்த பாதையில்தான் ஓடுகிறது. நல்ல வேளை, பெரியவருக்கு இது நினைவுக்கு வரவில்லை.

பையன் ஏன் ஆங்கில விசையில் அடிக்கிறான் என்பதற்கு வருகிறேன். அதற்கு ஆம்பூரைத் தெரிந்திருக்க வேண்டும். இங்கே ஒரு நிக்காஹ் பத்திரிகை என்றால் உருது, தமிழ், ஆங்கிலம் மூன்றும் வேண்டும். வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு ஆர்டர்களும் அப்படித்தான். உருதுக்கு இன்பேஜ், 1994-இல் டெல்லியில் செய்யப்பட்ட மென்பொருள். நஸ்தலீக் எழுத்து சரிந்து சரிந்து இறங்கும் அழகை அதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் கொண்டுவருவது பெரும்பாடு. அந்த இன்பேஜில் எங்கள் பையன்கள் ஒலிப்பு முறையில்தான் அடிக்கிறார்கள்: ஏ தட்டினால் அலிஃப், பி தட்டினால் பே. அதே கை அடுத்த நிமிடம் தமிழுக்குத் திரும்பும்போது எம் தட்டி ம வரவழைப்பதில் என்ன அதிசயம்? ஒரே பலகையை மூன்று மொழிக்கும் நினைவில் வைப்பவனுக்கு அதுதான் வசதி. அழகி, இ-கலப்பை, என்ஹெச்எம் ரைட்டர் என்று அந்த வசதியைச் செய்து கொடுத்தவர்களும் தமிழ் தெரியாதவர்கள் அல்லர். இதைப் பெரியவரிடம் சொல்லியிருந்தால், கொழும்பு அச்சகங்களில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் நடக்கவில்லையா என்று கேட்டிருப்பார். நடக்கிறது. அங்கே அரசுப் பெயர்ப் பலகைகளில் தமிழ் படும் பாட்டை அவர்கள் பத்திரிகைகளே படம் பிடித்துப் போடுகின்றன என்று நானும் பதில் சொல்லியிருப்பேன். அது யாழ்ப்பாணத்தார் அடித்த தமிழ் அல்ல என்பதும் எனக்குத் தெரியும். கோபத்தில் வரும் வாதம் அப்படித்தான்.

உண்மையான வேறுபாடு விசையில் இல்லை, எந்த வேலைக்குக் காசு வருகிறது என்பதில் இருக்கிறது. அவர் கொண்டுவந்த நினைவு மலர் ஒரு புத்தகம். அங்கே 'கல்வெட்டு' என்றும் சொல்வார்களாம். முப்பத்தோராம் நாள் வருகிறவர்களுக்குக் கொடுப்பது. தேவாரம், திருவாசகம், காலமானவரின் வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, நன்றி நவிலல் எல்லாம் பக்கம் பக்கமாக ஓடுகிறது. இத்தனை உரைநடையைப் பிழையில்லாமல் அடிக்கும் ஊரில் விரல் தேறாமல் இருக்குமா? எங்கள் ஊரில் சாவு என்றால் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். அன்று மாலைக்குள் சுவரில் இருக்க வேண்டும். எழுத்து ஆறு வரி. மிச்சமெல்லாம் முகம். மஞ்சள் நீராட்டு ஃப்ளெக்ஸ் என்றால் தாய்மாமன் முகம் எல்லாவற்றிலும் பெரிதாக இருக்க வேண்டும், மற்ற உறவுகள் முறைப்படி வரிசை கட்ட வேண்டும். ஆகவே எங்கள் திறமை போட்டோஷாப்பிலும் கோரல் டிராவிலும் வளர்ந்தது. மங்கிப்போன ரேஷன் கார்டு படத்திலிருந்து ஒரு தாத்தாவை வேட்டி சட்டையோடு எழுப்பி நிறுத்துவதில் எங்கள் பையனுக்கு ஈடாக ஒருவரை யாழ்ப்பாணத்தில் காட்டட்டும்.

ஷூ கம்பெனி வேலை இன்னொரு பக்கம். பெட்டி லேபிளில் யூரோப் சைஸ், யூகே சைஸ், பார்கோடு, லைனிங் என்ன தோல் என்ற படக்குறி. ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் போகிற பெட்டியில் ஒரு எண் தவறினால் லாட் முழுக்கத் திரும்பிவிடும். அந்த வேலையில் தமிழ் ஒரு சொல்கூட இல்லை. கம்பெனிக்குள் பேட்டர்ன் ரூமில் ஷூமாஸ்டர் போன்ற கேட் மென்பொருள் ஓடுகிறது. கொழும்பைச் சுற்றியுள்ள கார்மென்ட்ஸ் ஆலைகளில் துணிக்கு இதே மாதிரி கெர்பர், லெக்ட்ரா இருக்கிறது என்று பெருமையாகச் சொல்வார்கள். துணி ரோலில் ஒரே அகலமாக வருகிறது, கணக்கு சுலபம். தோல் அப்படி வராது. ஒவ்வொன்றும் ஒரு உருவம். வயிற்றுப் பக்கம் தொளதொள என்று இருக்கும், முதுகு கெட்டி, நடுவில் முள் கிழித்த தழும்பு. வாங்குவது சதுர அடியில், வெளிநாட்டுப் பையர் கேட்பது சதுர டெசிமீட்டரில். ஒரு சதுர அடிக்கு 9.29. திரையில் வரும் கணக்கை ஒரு மாஸ்டர் தோலைத் தடவிப் பார்த்துத் திருத்துகிறார். அந்தத் திருத்தத்தை வாட்ஸ்அப்பில் கட்டிங் செக்‌ஷனுக்கு அனுப்பும்போது ஆங்கில எழுத்தில் தமிழ்தான். டோ பக்கம் நீட்டம் வரக் கூடாது என்று உடனே புரிய வேண்டும். எந்த எழுத்தில் இருந்தால் என்ன?

பேச்சிலும் கொஞ்சம் இழுபறி நடந்தது. நாங்கள் ஜெராக்ஸ் என்றோம், அவர் போட்டோக்கொப்பி என்றார். டைப்புக்கு ரைப், ஃபான்ட்டுக்கு பொண்ட். கணினியைக் கணனி என்று எழுதியிருந்தார். பிழை என்று நினைத்துப் பையன் திருத்தப்போக, அவர் விடவில்லை. 'பதிவிறக்கம்' என்று பாடப் புத்தகத்தில் படித்த பையனுக்கு அவருடைய 'தரவிறக்கம்' மிகவும் பிடித்துவிட்டது, இன்னும் கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறான். டவுன்லோட் என்றே சொல்லி வளர்ந்த எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

கடைசியில் அந்த மலரை யூனிகோடுக்கு மாற்றித்தான் கொடுத்தோம். பேஸ்புக்கிலும் போட வேண்டும் என்று அவர் மகள் வெளிநாட்டிலிருந்து சொல்லியிருந்தாராம். மாற்ற உதவியது பொங்குதமிழ் எழுத்துரு மாற்றி. அதைச் செய்த சுரதா யாழ்வாணன் ஜெர்மனியில் இருக்கும் ஈழத்தவர். பெரியவருக்கு அதைச் சொன்னேன், மிகவும் சந்தோஷப்பட்டார். மாற்றிய பிறகு பக்கம் அமைக்க எங்களிடம் இருந்தது பேஜ்மேக்கர் 7.0, 2001-இல் வந்த அதற்கு யூனிகோட் தெரியாது. இன்டிசைனில் போட்டு, கொம்பு, கால் எல்லாம் சரியாக உட்கார்ந்ததா என்று பக்கம் பக்கமாகப் பார்த்துக் கொடுத்தான் பையன். அட்டைப்படத்துக்கு அவர் கொண்டுவந்த போட்டோ மங்கலாக இருந்தது. கேட்காமலேயே அதையும் சரிசெய்து வைத்தான். ஃபோட்டோ வேலைக்குத் தனிக் காசு வாங்கலாமா என்று என்னைப் பார்த்தான். வாங்கச் சொன்னேன்.