கரடிக்கு எத்தனை ரூபாய் டிக்கெட்?

"ஜவ்வாது மலையில என்ன சார் பார்க்கலாம்? புலி இருக்கா?"

சென்னையிலிருந்து நண்பர் போனில் கேட்டார். இல்லை என்றேன். "சிறுத்தை?" இருக்கலாம், ஆனால் உங்கள் கண்ணில் படும் என்பதற்கு நான் கேரண்டி இல்லை என்றேன். "அப்ப என்னதான் சார் இருக்கு?" கரடி இருக்கிறது என்றேன். கொஞ்சம் யோசித்தவர், "சரி, அதுக்காச்சும் ஜீப் விடுவாங்களா?" என்றார்.

அடுத்த முறை ஜமுனாமரத்தூர் பக்கம் போனபோது, சாமைக் கொல்லையில் நின்றிருந்த ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "கரடியப் பார்த்தா ஓடித்தான் சார் எங்களுக்குப் பழக்கம். காசு குடுத்து நின்னு பார்ப்பாங்களா?"

பார்ப்பார்கள் பெரியவரே, நிறையப் பேர் பார்ப்பார்கள். அந்தக் காசு யார் பைக்குப் போகும் என்பதுதான் என் கவலை.

வனவிலங்குச் சுற்றுலா என்றால் மேடைக்கு மேடை ஒரே வசனம். டூரிஸ்ட் வருவான், ஊருக்கு வருமானம் வரும், ஊர் காட்டைக் காப்பாற்றும். ஒரு கல்லில் மூன்று மாங்காய்! நான் பி.காம். படித்தவன். இப்படிப்பட்ட கணக்கைப் பார்த்தால், முதலில் வவுச்சரைத்தான் தேடுவேன்.

ஒரு சனி, ஞாயிறுக் கணக்கை எழுதிப் பார்க்கலாமா? கார் நகரத்திலிருந்து வருகிறது. பெட்ரோல் அடிவாரத்தில். பிரியாணி வழியில் பார்சல். தண்ணீர் பாட்டில் டிக்கியில். தங்குமிடம் கீழே யாரோ ஒரு முதலாளிக்குச் சொந்தம். மலைக்காரருக்கு வாட்ச்மேன் வேலை, அவர் மனைவிக்குப் பெருக்குகிற வேலை. போகும்போது ஊருக்கு விட்டுப்போவது பிளாஸ்டிக் கவரும் உடைந்த பாட்டிலும். வரவுப் பக்கம் ஒருத்தருக்கு, செலவுப் பக்கம் இன்னொருத்தருக்கு. இதற்கு 'மலைவாழ் மக்கள் மேம்பாடு' என்று தலைப்பு வேறு!

சுற்றுலாவே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். இந்த மலைக்கு வருமானம் எவ்வளவு அவசரமாக வேண்டும் என்பதற்கு ஒரு தேதி சொல்கிறேன். 2015 ஏப்ரல் 7. ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி, போலீஸ் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. இறந்தவர்கள் தமிழர்கள். ஜவ்வாது மலைப் பகுதியையும் சேர்த்துப் பல வீடுகளில் இழவு. செம்மரத்தின் விலை கோடிகளில் புரளும் சந்தையில், கோடரி பிடித்தவனுக்கு மிஞ்சியது கூலி... அப்புறம் தோட்டா. மழை பொய்த்தால் சாமை இல்லை, சாமை இல்லையென்றால் புரோக்கர் வாசலில் நிற்கிறான். இந்த நிலைமைக்கு மாற்று வேண்டுமா, வேண்டாமா?

மாற்று நடந்த இடம் ஒன்று, தமிழக எல்லையை ஒட்டியே இருக்கிறது. தேக்கடி.

அங்கே பெரியாறு காட்டில் வயனா மரத்தின் பட்டையை, அதாவது காட்டு இலவங்கப் பட்டையை, உரித்துக் கடத்திய ஒரு கூட்டம் இருந்தது. பிடிப்பது, கேஸ் போடுவது, ஜாமீனில் வந்து மறுபடி உரிப்பது... இப்படியே ஓடியது. 1990களின் பிற்பகுதியில், உலக வங்கி உதவியுடன் நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில், வனத்துறை அவர்களை உட்கார வைத்துப் பேசியது. கடத்தலை விட்டால், சுற்றுலாப் பயணிகளைக் காட்டுக்குள் நடத்திச் செல்லும் வேலை. கூடவே ரோந்து. எந்தத் தடத்தில் திருடன் வருவான் என்று பழைய திருடனைவிட யாருக்குத் தெரியும்?

இதில் நான் கவனிப்பது கணக்கு நோட்டை. பயணி கட்டும் பணம் அவர்களுடைய குழுவின் கணக்கில் சேர்கிறது, அதிலிருந்து சம்பளம் வருகிறது. காடு அழிந்தால் பயணி வரமாட்டான், பயணி வராவிட்டால் தன் வீட்டு அடுப்பு எரியாது. காட்டைக் காப்பாற்ற அவருக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

நம் ஊரிலும் உதாரணம் உண்டு. காரமடை பக்கம், பில்லூர் அணைத் தண்ணீரில் பரளிக்காடு. பரிசல் ஓட்டுவது அங்குள்ள பழங்குடி மக்கள், மதியச் சாப்பாடு சமைப்பது அவர்கள் வீட்டுப் பெண்கள். முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. யானை வந்தால் வரலாம், வராமலும் போகலாம். களியும் பரிசலும் நிச்சயம்.

ஜவ்வாது மலை கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான். விலங்கைக் 'காட்டுகிறேன்' என்று வாக்குக் கொடுத்துவிட்டால் சிக்கல் அங்கேயே ஆரம்பம். பார்க்காமல் போனால் பயணி சண்டை போடுவான். அவனைச் சமாதானப்படுத்த ஒருவன் பலாப்பழத்தை வைத்து கரடியை வரவழைப்பான், இன்னொருவன் ராத்திரியில் ஸ்பாட் லைட் அடிப்பான். புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் சுற்றுலாவையே 2012-ல் உச்ச நீதிமன்றம் சில மாதம் நிறுத்தி வைத்ததே, ஞாபகம் இருக்கிறதா? அப்புறம் விதிமுறைகள் வந்த பிறகுதான் கதவு திறந்தது.

இன்னொன்றையும் யோசியுங்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஆறு காட்டு யானைகளை 2013-ல் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, லாரி ஏற்றி முகாம்களுக்கு அனுப்பினோம். பயிர் போனவனின் வயிற்றெரிச்சல் நியாயம்தான். ஆனால், தானாக வந்த யானையை அனுப்பிவிட்டு, வராத விலங்குக்கு போர்டு வைப்பது என்ன வியாபாரம்?

இருப்பதை விற்கலாமே! சாமைச் சோறு இருக்கிறது. மலைத் தேன் இருக்கிறது. காலடித் தடத்தைப் பார்த்தே 'இது நேத்து ராத்திரி போன கரடி' என்று சொல்லக்கூடிய மனிதர்கள் இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, இருட்டு இருக்கிறது. 1968-லிருந்து காவலூரில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 1986-ல் 2.3 மீட்டர் தொலைநோக்கியே வந்தது. எல்லாம் அந்த இருட்டை நம்பித்தான். கரடி இரை தேடுவதும் அதே இருட்டில்தான். ரிசார்ட்டுகளின் சீரியல் லைட் மலை ஏறினால் இரண்டு பேருக்கும் பிழைப்பு கெட்டுவிடும்.

2024 அக்டோபரில் தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகள், ஆன்லைன் பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள். நல்ல தொடக்கம், பாராட்டலாம். ஆனால் வழிகாட்டிக்குக் கிடைப்பது கூலியா, பங்கா? எந்தப் பாதையில் எத்தனை பேரை விடலாம் என்று முடிவு செய்கிற அறையில் ஊர்க்காரருக்கு ஒரு நாற்காலி உண்டா? 2006 வன உரிமைச் சட்டம், காட்டையும் காட்டுயிரையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குக் கொடுத்திருக்கிறது. தமிழ்நாட்டில் கோர்ட் கட்டுப்பாட்டால் பட்டா வழங்குவதே 2016 வரை இழுபறி. நாற்காலி போட இன்னும் எத்தனை வருஷமோ?

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அடுத்த முறை எந்த மலைக்குப் போனாலும் மூன்றே கேள்வி கேளுங்கள். இந்த இடம் யாருக்குச் சொந்தம்? நான் கொடுத்த பணத்தில் ஊருக்கு எவ்வளவு? இன்றைக்கு எத்தனை பேரை உள்ளே விட்டீர்கள்? பதில் சொல்லத் தயங்கினால் வண்டியைத் திருப்பிவிடுங்கள்.

நண்பருக்கும் இதைத்தான் சொன்னேன். "ஜீப்பே இல்லையா?" என்று ஏமாந்தார். இல்லை சார், நடக்கணும். முன்னால் அந்தப் பெரியவரின் பேரன் நடப்பான். கரடி வந்தால் எப்படி ஓடவேண்டும் என்பது அவர்கள் குடும்பத்துக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பையன் இந்த வருஷம் ஆந்திரா பஸ் ஏறாமல் இருந்தால், உங்கள் டிக்கெட் காசு ஜீரணமாகிவிட்டது என்று அர்த்தம்.