மழை நடந்து போகுமா? மாடிஃபையரும் பேரலலிஸமும்

2023 இறுதியில் ஜிமேட் தேர்வு புது வடிவத்துக்கு மாறியபோது வாக்கியத் திருத்தப் பகுதியை எடுத்துவிட்டார்கள். ஆனால் எஸ்ஏடியில் மாடிஃபையர் கேள்வி இன்னும் இருக்கிறது. நம்மூர் எஸ்எஸ்சி தேர்வுகளிலும் பிழை கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். அதனால் வழிகாட்டிப் புத்தகங்களுக்கும் குறைவில்லை. நான் புரட்டிப் பார்த்தவை பெரும்பாலும் மாடிஃபையரையும் பேரலலிஸத்தையும் ஒரே மாதிரி விதிப் பட்டியலாகத் தருகின்றன. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இரண்டும் ஒரே சிக்கல் இல்லை. என் குறை அதுதான்.

முதலில் பேரலலிஸம். 'ஷி லைக்ஸ் ரீடிங், ஸ்விம்மிங் அண்ட் டு குக்.' கடைசி உறுப்பு மட்டும் வேறு உருவம். 'அவளுக்குப் படிப்பதும் நீந்துவதும் சமைக்கவும் பிடிக்கும்' என்று சொல்லிப் பாருங்க, காதே இடறும். நம்ம 'உம்' ஒரே அச்சில் வார்த்த சொற்களைத்தான் கோக்கும். ஆக, இங்கே பாதி வேலை ஏற்கெனவே முடிஞ்சது.

மாடிஃபையர் அப்படியில்லை. 'ஸ்டேஷனுக்கு நடந்து போகும்போது மழை வந்தது' என்பது நல்ல தமிழ். போனது யாருன்னு சொல்லவே வேண்டாம். 'போகும்போது'க்கு ஒரு எழுவாய், 'வந்தது'க்கு வேறு எழுவாய் இருக்கலாம். இதையே 'வாக்கிங் டு த ஸ்டேஷன், த ரெயின் ஸ்டார்ட்டட்' என்று எழுதினால் மழையே நடந்து போன மாதிரி ஆகிடும். கமாவுக்குப் பின் வருகிற எழுவாய்தான் நடந்தவர் என்பது தேர்வின் கணக்கு.

இந்தக் கணக்கும் நமக்குப் புதுசு இல்லை. 'செய்து' போன்ற வினையெச்சம் தன் வினைமுதலையே கொண்டு முடியும் என்று தொல்காப்பியம் வினையியலில் விதி இருக்கிறது. 'வாக்கிங்' என்பதை 'போகும்போது' என்று எடுத்துக்காமல் 'நடந்து' என்று எடுத்துக்கிட்டா பிழை உடனே தெரியும்: 'ஸ்டேஷனுக்கு நடந்து மழை வந்தது'. ஒரு எச்சரிக்கை: 'மழை பெய்து ஏரி நிரம்பிச்சு' மாதிரி காரணம் சொல்லும் இடங்களில் தமிழ் விட்டுக்கொடுக்கும். தேர்வு விடாது.

சில புத்தகங்கள் இதைத் தர்க்கப் பிழை என்றே திட்டுகின்றன. அது மிகை. 'ஹேம்லெட்' முதல் அங்கம், ஐந்தாம் காட்சியில் ஆவி பேசும் வாக்கியத்தில் தோட்டத்தில் தூங்குகிறவர் அரசர்; கடித்ததாகச் சொல்லப்படும் பாம்புதான் எழுவாய். யாருக்கும் குழப்பம் வருவதில்லை. இது பழக்கத்தில் உறுதியான மரபு. தேர்வு சோதிப்பது அந்த மரபைத்தான். அதை அப்படியே சொல்லிக் கொடுத்தால் மாணவர் தன்னை மடையன் என்று நினைக்க மாட்டார்.

திருத்த இரண்டு வழி. எழுவாயை மாற்றலாம்: 'வாக்கிங் டு த ஸ்டேஷன், ஐ காட் வெட்.' இல்லைன்னா முன்பகுதிக்குத் தனி எழுவாய் கொடுக்கலாம்: 'வைல் ஐ வாஸ் வாக்கிங் டு த ஸ்டேஷன், த ரெயின் ஸ்டார்ட்டட்.' இரண்டாவதுதான் நம்ம 'போகும்போது'.