தறியும் அச்சுயந்திரமும்: வில்லியம் மொறிஸின் கற்பனை நாவல்கள்

மாயக் கிணறும் மந்திரக் கவசமும் வரும் நாவலைக் கண்டதும், அதை நழுவல் இலக்கியம் என்று ஒதுக்கிவிடுவது முற்போக்காளரிடையே ஏறத்தாழ ஒரு வழக்கமாகிவிட்டது. யதார்த்தவாதத்தை வற்புறுத்த நேர்ந்த காலத்தில் இந்தக் கண்டிப்புக்கு நியாயம் இருந்தது. ஆயின் ஒரு நியாயம் பழக்கமாக இறுகிவிட்டால் அது விமர்சனம் ஆகாது. அந்தப் பழக்கத்தைச் சோதித்துப் பார்க்க வில்லியம் மொறிஸைவிடப் பொருத்தமான எழுத்தாளர் அரியர். நவீன ஆங்கிலக் கற்பனை நாவலின் முன்னோடிகளுள் ஒருவர் அவர். மாக்ஸின் மூலதனத்தை 1883இல் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் வாசித்துத் தெருமுனையில் சோஷலிசம் பேசியவரும் அவரே.

மொறிஸ் 1834இல் பிறந்தார். தந்தை விட்டுச்சென்ற டெவன் பிரதேசச் செப்புச் சுரங்கப் பங்குகள் அவருக்கு இளமையிலேயே ஆண்டுக்கு ஏறத்தாழ 900 பவுண் வருவாய் தந்தன. பின்னர் அலங்காரப் பொருள்களை உற்பத்தி செய்யும் அவருடைய நிறுவனம் அவரைத் தாங்கியது. எந்தப் பதிப்பாளருக்கும் தலைவணங்காத சுதந்திர எழுத்தாளர் என்று அவரைப் புகழும்போது இவ்வுண்மையை மறைத்தலாகாது. எழுத்தாளனின் சுதந்திரம் வானத்திலிருந்து இறங்குவதன்று. அதற்கும் ஒரு பொருளாதார அடித்தளம் உண்டு. அவருடைய சுதந்திரத்தின் அடியிலே சுரங்கத் தொழிலாளரின் உழைப்புக் கிடந்தது. முதலாளி வர்க்கத்திற் பிறந்த தம் நிலையை அவர் நன்கு உணர்ந்திருந்தார் என்பதே அவரைப் பிற கனவான்களிலிருந்து பிரித்துக் காட்டுகிறது.

அவருடைய எழுத்துப் பழக்கம் கவனத்துக்குரியது. உள்ளுணர்வு வந்து உதிக்கும்வரை காத்திருக்கும் கலைஞர் அல்லர் அவர். 1879இல் தம் படுக்கையறையிலேயே தறி ஒன்றை நிறுவி, விடியலில் எழுந்து நெசவு பழகினார். முதலாவது திரைச்சீலைக்கு 516 மணித்தியாலம் பிடித்ததாகக் கணக்கும் எழுதிவைத்தார். தறியில் இருந்தவாறே காவியம் புனையத் தெரியாதவன் எதற்கும் உதவான் என்பது அவர் கருத்து. ஹோமரின் ஒடிசியைப் பெயர்த்த காலத்தில், பிரசாரத்துக்காகப் புகைவண்டியில் ஊரூராய்ச் சென்ற பொழுதுகளையும் அப்பணிக்குப் பயன்படுத்தினார். எழுதுதல் மற்றெந்தத் தொழிலையும் போன்றதொரு கைத்தொழில். கையும் மனமும் கூடிச் செய்வது. இவ்வுறுதியே அவருடைய அழகியலின் ஆணிவேர். மனிதன் மகிழ்ந்து செய்யும் உழைப்பின் வெளிப்பாடே கலை என்று மேடையில் அவர் சொன்னதற்கும், வீட்டில் அவர் வாழ்ந்த முறைக்கும் இடையே பிளவு இருக்கவில்லை.

இனி நாவல்களுக்கு வருவோம். 1889ஆம் ஆண்டு நாவலான ‘உல்பிங் குலத்தார் இல்லம்’ உரோமப் படையை எதிர்க்கும் ஒரு குலத்தின் கதை. தலைவன் தியொடொல்ஃபுக்கு ஒரு மந்திரக் கவசம் கிடைக்கிறது. அதை அணிந்தால் அவன் உயிர் தப்பும். ஆயின் அது அவனைத் தன் மக்களுக்காகப் போரிட இயலாதவனாக்கிவிடும். ஈற்றில் அதைக் கழற்றி எறிந்து, போரில் மடிகிறான். தன்னை மட்டும் காத்துக்கொள்ளும் மனிதன் தன் மக்களை இழக்கிறான் என்ற சமூக உண்மையை இந்த மாயப்பொருள் எவ்வளவு கூர்மையாகக் காட்டுகிறது! 1896இல் வெளிவந்த ‘உலக முடிவிலுள்ள கிணறு’ நாவலிலும் இதுவே நிகழ்கிறது. கிணற்று நீரைப் பருகிய றால்ஃப் மாயவுலகில் தங்கிவிடவில்லை; வழியில் அடிமைத்தனத்தையும் கொடுங்கோன்மையையும் கண்டவன், தன் சிற்றூருக்குத் திரும்பி அதன் பகைவரை எதிர்த்து நிற்கிறான். நழுவல் இலக்கியத்தின் நாயகன் திரும்பி வருவதில்லை. மொறிஸின் நாயகன் திரும்புகிறான்.

ஆயினும் நம்மவர் செய்யக்கூடிய ஒரு தவற்றை இங்கே எச்சரிக்க வேண்டும். ‘உலகுக்கு அப்பாலான காடு’ என்ற நாவலை முதலுக்கும் உழைப்புக்குமிடையிலான உறவின் உருவகக் கதையென ஒரு வார இதழ் விமர்சகர் விளக்கியபோது, 1895இல் மொறிஸ் அதை மறுத்து எழுதினார். அது கதைதான், சமூகப் பிரச்சினைகளைப் பேசவேண்டின் நேராகவே பேசுவேன் என்பது அவர் நிலை. பாத்திரத்துக்கொரு வர்க்கச் சீட்டு ஒட்டுவது விமர்சனமன்று. அவருடைய சமூக நோக்கு சின்னங்களில் அன்று, மனிதர் ஒருவரோடொருவர் கொள்ளும் உறவின் அமைப்பிலேயே வெளிப்படுகிறது.

முரண்பாடு வேறிடத்தில் உள்ளது. 1891இல் ஹமர்ஸ்மித்தில் அவர் தொடங்கிய கெல்ம்ஸ்கொட் அச்சகம் தனி எழுத்துருக்களையும் கைக் கடதாசியையும் கையச்சு யந்திரத்தையும் கொண்டு நூல்களை ஆக்கியது. அங்கு முதலில் வெளிவந்ததும் அவருடைய கற்பனை நாவலே. 1896இல் வந்த சோசரின் பெருந்தொகுப்பில் கடதாசிப் பிரதிகள் 425. பிரதியொன்றின் விலை 20 பவுண். ‘எங்குமில்லா நாட்டுச் செய்திகள்’ 1890இல் ‘கொமன்வீல்’ வார இதழில் 39 பகுதிகளாக வந்தது. இதழின் விலை ஒரு பென்னி. அதாவது 39 பென்னியில் தொழிலாளி முழுக்கதையையும் வாசித்தான். கெல்ம்ஸ்கொட் பதிப்பின் விலையோ இரண்டு கின்னி, அதாவது 504 பென்னி. அழகிய நூலை மக்களுக்குரியதாக்க விரும்பியவர், அதைச் செல்வரின் அலுமாரிக்கே அனுப்ப நேர்ந்தது. இது அவருடைய நேர்மையின்மையன்று. மலிவாகச் செய்தால் உழைப்பு இழிவடைகிறது, செம்மையாகச் செய்தால் பொருள் ஏழைக்கு எட்டாமற் போகிறது என்னும் முதலாளித்துவச் சந்தையின் பொறியே அது. தனிமனிதனின் சுதந்திரம் அப்பொறியை உடைக்காது என்பதை அவரும் அறிவார். ஆதலாற்றான் அவர் இயக்கத்தில் சேர்ந்தார்.

நம் நாட்டுக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடமுண்டு. மொறிஸ் மறைந்தபின் அவருடைய கையச்சு யந்திரம் வேறு கைகளுக்கு மாறியது. கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தம் பெருநூலை 1908இல் அந்த யந்திரத்திலேயே அச்சிட்டு வெளியிட்டார். காலனித்துவ வாணிபம் நசுக்கிய கைவினைஞரின் பெருமையை அந்த யந்திரமே பதிவுசெய்தது.

1896 செப்டெம்பரில் நோயுற்றுக் கிடந்த மொறிஸ், தம் இறுதி நாவலின் முடிவைச் செயலாளர் கொக்கரெலுக்கு வாயாற் சொல்லி எழுதுவித்தார். ஒக்டோபர் 3ஆந் திகதி காலமானார். இறுதிவரை அவர் கனவு கண்டார், இறுதிவரை உழைத்தார். கற்பனை நாவலைக் கையிலெடுக்கும் மாணவனிடம் அதைப் பறித்துவிடாதீர்கள். நாயகன் எங்கே போகிறான் என்பதோடு, யாரிடம் திரும்புகிறான் என்றும் கேட்கப் பழக்குங்கள். விமர்சனம் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறது.